பத்தொன்பது வயதில் ஏந்திய கோல்

கண்டக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவர், தோளில் தோற்பையும் வாயில் விசிலுமாகப் பேருந்தில் நிற்பவர்தான். மேனாட்டு இசையுலகில் அதே பெயரைத் தாங்கிய வேறொருவர் உண்டு. நூறு பேர் அமர்ந்து வயலினும் செல்லோவும் குழலும் எக்காளமும் முரசும் இசைக்கும் பெரிய இசைக்குழுவின் முன்னால், கையில் ஒரு சிறு கோலுடன் நிற்பவர் அவர். அவருடைய கையில் எந்த வாத்தியமும் இல்லை. அவர் ஒரு ஸ்வரம்கூட இசைப்பதில்லை. ஆயினும் அவர் இல்லையேல் நூறு வாத்தியங்களும் நூறு திசையில் ஓடும். எப்போது தொடங்க வேண்டும், எங்கே விரைய வேண்டும், எங்கே மெலிய வேண்டும், யார் ஓங்க வேண்டும், யார் ஒடுங்க வேண்டும் என்பதையெல்லாம் அவருடைய கோலும் கண்ணுமே சொல்லும்.

இந்தக் கலையில் தலைசிறந்தவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஆர்ட்டுரோ டோஸ்கானினி. அவருடைய புகழ் ஒரே இரவில் பிறந்தது என்று சொல்வார்கள். அது உண்மைதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழைத் தையற்காரரின் மகன்

1867-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் நாள் வட இத்தாலியிலுள்ள பார்மா நகரில் டோஸ்கானினி பிறந்தார். தந்தை கிளாடியோ ஒரு தையற்காரர். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சேர்ந்து போரிட்டவர். நாட்டுப்பற்று மிகுந்த அவருக்குத் தையல் தொழிலில் அத்தனை பற்று இல்லை. ஆகவே வீட்டில் வறுமை நிலையாகக் குடிகொண்டிருந்தது. தாய் பவோலா கண்டிப்பானவர். பட்டினி கிடந்தாலும் பிறரிடம் கையேந்தக்கூடாது என்னும் மான உணர்வு உடையவர். மகன் தாயிடமிருந்து மானத்தையும், தந்தையிடமிருந்து விடுதலை வேட்கையையும் பெற்றான். பிற்காலத்தில் இவ்விரண்டும் அவனுக்குப் பெருந்துணை ஆயின.

சிறுவனிடம் இருந்த அரிய ஆற்றலை முதலில் கண்டுகொண்டவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரே. ஒரு செய்யுளை ஒருமுறை படித்தாலே அவன் அதை மனப்பாடமாக ஒப்புவித்துவிடுவான். இசையைக் கேட்டாலும் அப்படியே. அவனை இசைப்பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பெற்றோருக்கு அவ்வாறே தோன்றிற்று. ஒரு நல்லாசிரியையின் கூரிய கண் ஒரு குழந்தையின் வாழ்வை எப்படித் திருப்பிவிடுகிறது, பாருங்கள்!

1876-இல், ஒன்பதாம் வயதில், பார்மா இசைப்பள்ளியில் அவன் சேர்ந்தான். அங்கே அவனுக்குச் செல்லோ என்னும் வாத்தியத்தைக் கொடுத்தார்கள். வயலின் போன்ற வடிவமும், அதைவிடப் பன்மடங்கு பெரிய உடலும் கொண்டது அது. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் இசைக்க வேண்டும். இசைக்குழுவில் செல்லோ இசைப்பவரின் முன்னால் இருப்பது செல்லோவுக்குரிய வரி மட்டும் எழுதப்பட்ட தாள். அதை ஒழுங்காக வாசித்துவிட்டால் அவருடைய கடமை முடிந்தது. மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று அவர் அறிய வேண்டுவதில்லை.

ஆனால் நம் மாணவனுக்கு அது போதவில்லை. எல்லா வாத்தியங்களுக்கும் உரிய வரிகள் ஒருங்கே அச்சிடப்பட்ட முழு இசைக்குறிப்பு நூல்களை அவன் தேடித்தேடிப் படித்தான். அவற்றை வாங்கக் காசு ஏது? விடுதியில் தனக்குக் கிடைத்த உணவுப் பங்கைச் சக மாணவர்களுக்கு விற்று அந்தக் காசில் நூல்கள் வாங்கினான். வயிற்றுக்குரியதைக் கொடுத்துச் செவிக்குரியதைப் பெற்றான். தேர்வில் கேட்கமாட்டார்கள், ஆசிரியர் கட்டாயப்படுத்தமாட்டார், படித்தால் மதிப்பெண்ணும் இல்லை. அப்படிப்பட்ட படிப்பை அவன் படித்தான். 1885-இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறி வெளியே வந்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை இருந்தது. மேடையில் நின்றுகொண்டு கீழே விரித்து வைத்த நூலைப் படிப்பது அவரால் இயலாத காரியம். ஆகவே முழு நூலையும் மனத்தில் ஏற்றிக்கொள்வதே அவருக்கு வழியாயிற்று. குறைபாடே அவருடைய பெருமைக்குப் படிக்கல் ஆனது.

ரியோ நகரில் ஓர் இரவு

1886-இல் இத்தாலிய ஓபராக் குழு ஒன்று தென் அமெரிக்காவுக்குப் பயணம் புறப்பட்டது. ஓபரா என்பது முழுவதும் பாட்டாகவே நடிக்கப்படும் நாடகம். பாடகர்கள், பின்பாட்டுக் குழுவினர், வாத்தியக்காரர்கள் என்று பலர் சேர்ந்த அந்தக் குழுவில் டோஸ்கானினி ஒரு செல்லோ கலைஞர். பின்பாட்டுக் குழுவுக்குப் பயிற்சியளிப்பதில் உதவி செய்வதும் அவருடைய வேலை. வயது பத்தொன்பது.

குழுவை நடத்த லியோபோல்டோ மிகேஸ் என்னும் பிரேசில் நாட்டுக்காரர் அமர்த்தப்பட்டிருந்தார். அவருக்கும் இத்தாலியக் கலைஞர்களுக்கும் ஒத்துவரவில்லை. மனக்கசப்பு முற்றியது. ரியோ டி ஜெனிரோ நகரில் நாடகம் தொடங்கவிருந்த சமயத்தில் அவர் விலகிக்கொண்டார். விலகியதோடு நில்லாமல், குற்றமெல்லாம் இத்தாலியர்களுடையதே என்று செய்தித்தாளில் எழுதியும் விட்டார். ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர்.

ஜூன் 30-ஆம் நாள் மாலை அரங்கு நிரம்பி வழிந்தது. அன்று நடைபெற வேண்டியது வெர்டி இயற்றிய ஐடா. பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட நீண்ட ஓபரா அது. துணை நடத்துநர் மேடையேறியதும் எழுந்த கூச்சலில் அவரால் தொடங்கவே முடியவில்லை. இறங்கிவிட்டார். அடுத்து இன்னொருவர் ஏறிப் பார்த்தார். அவருக்கும் அதே கதி. நாடகம் நின்றுபோனால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். குழு கலைந்துவிடும். கடல் கடந்து வந்த அத்தனை பேரும் பிழைப்பின்றி, ஊர் திரும்ப வழியின்றி நிற்க வேண்டியதுதான்.

அப்போது குழுவினர் சிலருக்கு அந்தச் செல்லோக்கார இளைஞனின் நினைவு வந்தது. ஐடா முழுவதும் அவனுக்கு மனப்பாடம் என்பது பாடகர்களுக்குத் தெரியும். பயிற்சியின்போது அவன் அவர்களுக்கு உதவியதை மறந்துவிடவில்லை. அவர்கள் வேண்டிக்கொள்ள, செல்லோவை வைத்துவிட்டு அவன் எழுந்தான். கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறினான்.

மீசை அரும்பும் பருவத்து இளைஞன் ஒருவன் வந்து நிற்பதைக் கண்ட மக்கள் வியப்பால் சற்றே அமைதியாயினர். அந்தச் சில நொடிகள் அவனுக்குப் போதுமாயிருந்தன. முன்னால் இருந்த பெரிய நூலை அவன் மூடி வைத்தான். கோலை உயர்த்தினான். இசை தொடங்கிற்று. அதற்குமுன் ஒருநாளும் அவன் ஓர் ஓபராவை மேடையில் நின்று நடத்தியதில்லை. ஆயினும் எந்த வாத்தியம் எப்போது சேர வேண்டும், எந்தப் பாடகர் எப்போது மூச்செடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் நெஞ்சில் எழுதப்பட்டிருந்தது. சீறிக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. அன்றுமுதல் அந்தப் பருவம் முடியும்வரை குழுவை நடத்தியவர் அவரே. அத்தனையையும் நூலைப் பாராமலே நடத்தினார்.

இளங்கன்று பயமறியாது என்பது நம் பழமொழி. டோஸ்கானினியின் அன்றைய செயலுக்கு அது பொருந்துமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. பயமறியாமல் துள்ளிக் குதித்திருந்தால் மூன்றாவது ஆளாக அவரும் இறங்கியிருப்பார். அவருக்குமுன் ஏறிய இருவரும் கோழைகள் அல்லர். நூலை மூடிவிட்டுக் கூட்டத்தை வெல்லக்கூடிய ஆயத்தம் அவரிடம் இருந்தது என்பதே வேறுபாடு. பார்மா விடுதியில் பசியோடு படித்த பக்கங்களே அன்றிரவு அவருக்குக் கைகொடுத்தன. ஆகவே அந்தப் புகழ் ஒரே இரவில் பிறந்ததன்று. ஒரே இரவில் வெளிப்பட்டது.

மீண்டும் செல்லோ நாற்காலி

தாய்நாடு திரும்பிய இளைஞருக்கு உடனே வாய்ப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் டூரின் நகரில், கத்தலானி என்னும் இசைப்புலவரின் எட்மேயா என்ற ஓபராவை நடத்திப் பாராட்டுப் பெற்றார். கத்தலானி அவருக்கு உற்ற நண்பரும் ஆனார். 1893-இல் அந்த நண்பர் இளவயதிலேயே மறைந்தபின், டோஸ்கானினி தம் மூத்த மகனுக்கு வால்ட்டர் என்றும், மகளுக்கு வாலி என்றும் பெயரிட்டார். இரண்டும் கத்தலானியின் ஓபராக்களில் வரும் பாத்திரங்களின் பெயர்களே. மறைந்த நட்பை இப்படி நாள்தோறும் வீட்டில் அழைத்துக்கொண்டிருந்தார்.

இரு கண்டங்களில் வெற்றி கண்ட ஓர் இளைஞர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் பெரிய மேடை வேண்டும் என்று கேட்பார். டோஸ்கானினியோ மீண்டும் செல்லோவை எடுத்துக்கொண்டு மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் சாதாரண வாத்தியக்காரராகச் சென்று அமர்ந்தார். காரணம் உண்டு. 1887 பிப்ரவரி 5-ஆம் நாள் அங்கே வெர்டியின் ஒத்தெல்லோ முதன்முறையாக மேடையேறவிருந்தது. எழுபத்து மூன்று வயது நிரம்பிய அந்த மாமேதை ஒத்திகைகளுக்குத் தாமே வருவார். அவர் எப்படித் திருத்துகிறார், எதை விரும்புகிறார் என்று அருகிலிருந்து காண வேண்டும் என்பதே இளைஞரின் ஆசை. தலைமைப் பீடத்தைவிடப் படிப்பதற்கு ஏற்ற இடமே அவருக்குப் பெரிதாகப்பட்டது.

ஒத்திகையின்போது ஒரு நிகழ்ச்சி. செல்லோக்கள் மட்டும் இசைக்கும் ஓரிடத்தில் மிக மெதுவாக வாசிக்க வேண்டும் என்று நூலில் எழுதியிருந்தது. டோஸ்கானினி அவ்வாறே மெதுவாக வாசித்தார். வெர்டி அருகில் வந்து, இன்னும் சற்று உரக்க வாசிக்கும்படி கூறினார். பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமல்லவா? எழுத்தைக் காப்பது முதற்படி, எழுத்தின் கருத்தைக் காப்பது அடுத்த படி என்று அன்று அவர் உணர்ந்தார். முதல் நாள் ஆட்டம் முடிந்து வீடு திரும்பியபோது, உள்ளம் பொங்கியவராய் உறங்கிக்கொண்டிருந்த தாயை எழுப்பி, வெர்டியின் பெருமைக்கு முன் மண்டியிடச் சொன்னாராம்!

அதன்பின் சுமார் பத்தாண்டுகள் இத்தாலியின் சிறு நகரங்களில் அலைந்து உழைத்தார். எத்தனையோ அரங்குகளில் அரைகுறையான வாத்தியக்காரர்கள். ஒத்திகைக்கு வராத பாடகர்கள். அவற்றோடு மல்லுக்கட்டியே அவர் கை தேர்ந்தது. 1892 மே 21-இல் மிலானில் லியோன்கவல்லோவின் பாலியாச்சி அவருடைய கோலின்கீழ்தான் முதன்முதலாக அரங்கேறியது. 1895-இல் டூரின் அரசு அரங்கின் இசைத் தலைவரானார். 1896 பிப்ரவரி முதல் நாள் அங்கே புச்சினியின் லா போயம் அவர் கையால் உலகுக்கு அறிமுகமாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இன்றும் உலகெங்கும் அதிகமாக நடிக்கப்படும் ஓபராக்களில் இவ்விரண்டும் அடங்கும்.

எழுதாததையும் படித்தவர்

அவருடைய இளமைக்கால நிகழ்ச்சிகளில் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது 1898-இல் நடந்தது. அவ்வாண்டு டூரினில் நடைபெற்ற பொருட்காட்சியை ஒட்டிப் பல இசை நிகழ்ச்சிகளை அவர் நடத்தினார். அவற்றுள் ஒன்றில் வெர்டி முதுமையில் இயற்றிய புனித இசைப்பாடல்களை இத்தாலியில் முதன்முறையாக வழங்க ஏற்பாடாயிற்று. அவற்றுள் தெ தேயும் ஒன்று. இறைவனுக்கு நன்றி செலுத்தத் திருச்சபை பன்னூறு ஆண்டுகளாகப் பாடிவரும் அந்த இலத்தீன் கீதத்தை நாமும் அறிவோம்.

அதைப் படித்துக்கொண்டே வந்த டோஸ்கானினிக்கு ஓரிடத்தில் ஓர் ஐயம். அங்கே இசை சற்றுத் தளர்ந்து நடக்க வேண்டும் என்று அவர் உள்ளம் சொல்லிற்று. ஆனால் நூலில் அப்படிக் குறிப்பு ஒன்றும் இல்லை. எழுதாததைச் செய்வது அவருக்குப் பழக்கமில்லாதது. எனவே ஜெனோவா நகரிலிருந்த வெர்டியை நேரில் காணச் சென்றார். பியானோவில் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டும்போது, துணிந்து அவ்விடத்தில் சற்றே தளர்த்தி வாசித்தார். கிழவர் சினந்துகொள்வார் என்று அஞ்சியிருந்தவருக்கு முதுகில் தட்டிக் கொடுத்துப் பாராட்டே கிடைத்தது. வெர்டியின் விளக்கம் இதுதான்: அங்கே தளர்ச்சி வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதை எழுதி வைத்தால் நடத்துநர்கள் அளவுக்கு மீறி இழுத்துவிடுவார்கள். ஆகவே உணர்பவர் உணரட்டும் என்று எழுதாமல் விட்டாராம்.

இதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மனப்பாடம் செய்வது வேறு, உட்கருத்தை உணர்வது வேறு. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவதோடு நின்றுவிட்டாலோ கிளிப்பிள்ளையின் பாட்டுத்தான்.

லா ஸ்காலாவின் தலைவர்

அதே 1898-இல், முப்பத்தோராம் வயதில், இத்தாலியின் தலைசிறந்த அரங்கான லா ஸ்காலாவின் இசைத் தலைமை அவரைத் தேடி வந்தது. பதினோராண்டுகளுக்குமுன் செல்லோவுடன் அமர்ந்திருந்த அதே அரங்கு! டிசம்பர் 26-ஆம் நாள் வாக்னரின் மைஸ்டர்சிங்கர் என்னும் பெரிய ஓபராவுடன் தம் பணியைத் தொடங்கினார்.

அந்நாளில் ஓபரா அரங்கு செல்வர்களின் சந்திப்புக் கூடமாக இருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், பேச்சு நடக்கும், சீமாட்டிகள் அணிந்த அகலமான தொப்பிகள் பின்னாலிருப்பவரின் பார்வையை மறைக்கும். பிடித்த பாட்டு வந்தால் ஒன்ஸ்மோர் கேட்டுக் கூச்சலிடுவார்கள். பாடகரும் கதையை நிறுத்திவிட்டு மறுபடியும் பாடுவார். டோஸ்கானினி விளக்குகளை அணைக்கச் செய்தார். தொப்பிகளைக் கழற்றச் செய்தார். ஒன்ஸ்மோரை ஒழித்தார். கதையின் நடுவே ஒரு பாட்டை இருமுறை பாடுவது, எழுதியவருக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கொள்கை. 1903-இல் ஒருநாள் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டு விடாப்பிடியாகக் கத்தியபோது, பாதியிலேயே அரங்கை விட்டு வெளியேறினார். பின்னர் மூன்றாண்டுகள் அங்கே திரும்பவில்லை. கைதட்டலுக்காக ஒரு ஸ்வரத்தைக்கூட விட்டுக்கொடாத மனம் அது.

1901-இல் வெர்டி மறைந்தார். அவருடைய உடலை, முதிய இசைக்கலைஞர்களுக்காக அவரே கட்டிய இல்லத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுசென்றபோது, பெருந்திரளான பாடகர்கள் அவருடைய நபுக்கோ ஓபராவின் பாடலை மிலான் வீதியில் பாடினார்கள். அவர்களை நடத்தியவர் டோஸ்கானினியே. 1908 முதல் 1915 வரை நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பணியாற்றினார். கடல் கடந்தும் அவர் புகழ் பரவிற்று.

அவரிடமிருந்த குறை

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைத்துவிடுவது வழக்கம். டோஸ்கானினியே அதை விரும்பியிருக்கமாட்டார். அவருக்குப் பெருங்கோபம் உண்டு. ஒத்திகையில் ஒரு ஸ்வரம் பிசகினால் கோலை ஒடிப்பார், கத்துவார், காலால் உதைப்பார். 1919-இல் டூரினில் அவருடைய சினத்தால் ஒரு வயலின் கலைஞர் முகத்தில் காயம் அடைந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆயினும் கலையின்மேல் கொண்ட பற்று அச்செயலை நியாயமாக்கிவிடாது என்றே நாம் எண்ணுகிறோம். பிழை செய்தவரை வருத்தாமல் பிழையைத் திருத்துவது இன்னும் பெரிய கலை. அவருடைய கலைஞர்கள் அவரிடம் அஞ்சினார்கள். ஆனால் அவர் தம்மைத் தாமே அதைவிடக் கடுமையாக வாட்டிக்கொள்வதையும் கண்டிருந்ததால் மதிக்கவும் செய்தார்கள்.

அரசியலிலும் அவர் ஒருமுறை தவறினார். 1919-இல் முசோலினியின் புதிய கட்சி மிலானில் தேர்தலில் நின்றபோது, அதன் வேட்பாளர் பட்டியலில் டோஸ்கானினியின் பெயரும் இருந்தது. அக்கட்சி தோற்றது. அதன் உண்மை உருவத்தை விரைவில் உணர்ந்துகொண்ட அவர் அதனின்று முற்றும் விலகினார். தவறான வழியில் ஓரடி வைத்தவர் திரும்பி வர முடியும் என்பதற்கும் அவரே சான்று.

வாசிக்க மறுத்த பாட்டு

1922-இல் முசோலினி ஆட்சியைப் பிடித்தான். அவனுடைய கட்சிக்கு ஜியோவினெத்சா என்றொரு பாட்டு இருந்தது. பொது நிகழ்ச்சிகளில் அதை இசைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மீண்டும் லா ஸ்காலாவின் தலைமையில் இருந்த டோஸ்கானினி, தம் அரங்கில் அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார். 1926 ஏப்ரல் 25-இல் புச்சினியின் துரந்தோத் முதன்முதல் அரங்கேறிய இரவிலும் அது ஒலிக்கவில்லை. அந்த ஓபராவை முடிக்காமலே புச்சினி இறந்திருந்தார். அவர் எழுதி நிறுத்திய இடம் வந்ததும் டோஸ்கானினி கோலைக் கீழே வைத்தார். அத்துடன் அன்றைய ஆட்டம் முடிந்தது. எழுதியவரை மதிப்பது எப்படி என்பதை அந்த மௌனம் உணர்த்தியது.

1931 மே 14-ஆம் நாள் பொலோனா நகரில், மறைந்த இசைப்புலவர் மர்த்தூச்சியின் நினைவாக அவர் ஒரு நிகழ்ச்சி நடத்தவிருந்தார். அமைச்சர்கள் வருவதால் கட்சிப் பாட்டை இசைக்க வேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார். அரங்கின் வாயிலில் வண்டியை விட்டு இறங்கியதும், கறுப்புச் சட்டைக் கும்பல் ஒன்று அவரைச் சூழ்ந்துகொண்டது. அறுபத்து நான்கு வயது முதியவரின் முகத்தில் அடித்தார்கள். பின்னர் அவர் தங்கியிருந்த விடுதியின் முன்னும் கூடிக் கூச்சலிட்டார்கள். அவருடைய கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டார்கள், வீட்டைக் கண்காணித்தார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அந்த ஆட்சி நீடித்தவரை இத்தாலியில் கோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். அதை இறுதிவரை காத்தார்.

ரியோவில் கூச்சலிட்ட கூட்டத்தை இசையால் அடக்கியவர், பொலோனாவில் இசைக்க மறுத்து நின்றார். இரண்டும் ஒரே மனத்தின் செயல்களே. கைதட்டலுக்காக இசையைத் திரிக்கமாட்டேன் என்றவர், அடிக்காக மட்டும் திரித்துவிடுவாரா?

ஜெர்மனியிலும் அவ்வாறே. வாக்னரின் ஓபராக்களுக்கென்றே அமைந்த பைராய்த் விழாவில் 1930-லும் 1931-லும் அவர் பங்கேற்றார். ஜெர்மன் மரபில் வாராத ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. ஆனால் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூத இசைக்கலைஞர்களைத் துரத்தத் தொடங்கியதும், ஹிட்லரே கடிதம் எழுதி அழைத்தும் அவர் போகவில்லை. ஜெர்மனி முதலிய நாடுகளில் வேலையிழந்த யூதக் கலைஞர்களைத் திரட்டி, ஹூபெர்மன் என்னும் வயலின் மேதை பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழு அமைத்தார். 1936 டிசம்பர் 26-ஆம் நாள் டெல் அவீவ் நகரில் அதன் முதல் நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்தவர் டோஸ்கானினி. ஊதியம் பெறவில்லை, பயணச் செலவும் தம்முடையதே. நாஜிகள் தடை செய்திருந்த மெண்டல்சனின் இசையும் அன்று ஒலித்தது.

நினைவும் மறதியும்

எழுபது வயதில் மற்றவர்கள் ஓய்வு பெறுவார்கள். அவருக்கோ அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி நிறுவனம் ஓர் இசைக்குழுவையே அமைத்துக் கொடுத்தது. 1937 கிறிஸ்துமஸ் நாளன்று அவருடைய முதல் ஒலிபரப்பு. அரங்கத்தின் வாயிலையே காணாத இலட்சக்கணக்கான எளிய மக்கள் வீட்டிலிருந்தே அவருடைய இசையைக் கேட்டார்கள். பதினேழு ஆண்டுகள் அந்தப் பணி தொடர்ந்தது.

போரில் 1943-ஆம் ஆண்டு குண்டுவீச்சால் இடிந்த லா ஸ்காலா மீண்டும் கட்டப்பட்டது. அதற்கு அவரும் பொருளுதவி செய்தார். 1946 மே 11-ஆம் நாள், எழுபத்தொன்பது வயதில், விடுதலை பெற்ற தாய்நாட்டில் அந்த அரங்கைத் தம் கோலால் திறந்து வைத்தார். பதினைந்து ஆண்டு மௌனம் அன்று முடிந்தது.

1954 ஏப்ரல் 4-ஆம் நாள் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் வாக்னரின் இசையை நடத்திக்கொண்டிருந்தபோது, எண்பத்தேழு வயது முதியவரின் கோல் தயங்கியது. இதுவரை பிசகாத அந்த நினைவு சில நொடிகள் அவரைக் கைவிட்டது. ஒலிபரப்பாளர்கள் பதறிப்போய் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டனர். இசைக்குழுவினர் சமாளித்துத் தொடர்ந்தார்கள். கடைசியாக ஒலித்தது மைஸ்டர்சிங்கரின் முன்னிசை. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் லா ஸ்காலாவில் அவர் தொடங்கிவைத்த அதே இசை! அது முடிந்ததும் மேடையை விட்டு இறங்கினார். மக்கள் எவ்வளவு கைதட்டியும் திரும்ப வரவில்லை. அதுவே அவருடைய இறுதி நிகழ்ச்சி.

முதுமையில் அவருக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. குயிதோ கன்டெல்லி என்னும் இத்தாலிய இளைஞர் நடத்திய நிகழ்ச்சியை 1948-இல் லா ஸ்காலாவில் கேட்டு வியந்து, அவரை அமெரிக்காவுக்கு அழைத்து, தம் இசைக்குழுவையே அவரிடம் ஒப்படைத்து மேடையேற்றினார். தம் இளமையையே அவரிடம் மீண்டும் கண்டார். 1956 நவம்பரில் கன்டெல்லி லா ஸ்காலாவின் இசைத் தலைவராக அறிவிக்கப்பட்டார். சில நாட்களில், 24-ஆம் நாள், பாரிஸ் அருகே நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். வயது முப்பத்தாறு. அந்தச் செய்தியை வீட்டார் முதியவரிடம் சொல்லவே இல்லை. தம் மாணவர் புகழோடு வளர்ந்துவருகிறார் என்ற எண்ணத்துடனேயே, 1957 ஜனவரி 16-ஆம் நாள், தொண்ணூறு நிறைய இரண்டு மாதங்களே இருந்தபோது, டோஸ்கானினி நியூயார்க்கில் கண்மூடினார். மிலான் நகரில் அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

நாம் கற்பது

இசைக்குழு நடத்துநராகும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிட்டுமோ! ஆனால் எல்லோருக்கும் ஒரு செல்லோ நாற்காலி உண்டு. வகுப்பிலோ வீட்டிலோ பிற்காலத்தில் அலுவலகத்திலோ நமக்கென ஒரு சிறு பங்கு, ஒரு தனி வரி கொடுக்கப்படும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே நல்லவர் என்பார்கள். அதோடு நில்லாமல், அருகிலிருப்பவர் செய்வது என்ன, எல்லாம் சேர்ந்து உருவாவது எது என்று முழு நூலையும் படித்து வைப்போமானால், என்றேனும் ஒருநாள் நம்மை எழுந்து வரும்படி அழைக்கும்போது கை நடுங்காது. அந்த அழைப்பு வராமலே போனாலும் குறையில்லை. முழு இசையையும் அறிந்து வாசிப்பவரின் ஒற்றை வரிக்கே ஓர் அழகு உண்டு.

கோலை ஏந்தத் தெரிந்த கைக்கு, வேண்டும்போது அதைக் கீழே வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ரியோ நகரில் முதலாவதையும் பொலோனா நகரில் இரண்டாவதையும் டோஸ்கானினி செய்து காட்டினார். இரண்டையும் நாம் மறவாதிருப்போமாக.